அணில்கள் ஆடிய அன்று தெரு நகர்ந்தது

"பெரியவங்க ஒருத்தர்கூட துடுப்பத் தொடல. ஒருத்தர்கூட எழுந்திருக்கல. ஆனா ஆட்டம் ஆரம்பிச்சப்போ எங்க தெருவுல இருந்தோம், முடிஞ்சப்போ எங்க தெரு வேற இடத்துல இருந்துச்சு. டிவியும் எங்ககூடவே வந்துச்சு!"

டோசி இப்படிச் சொன்னதும் வகுப்பு முழுவதும் சிரித்தது. அந்தச் சிரிப்பில் கூரைத் தகரம் ஒரு முழம் மேலே போய்விட்டுத் திரும்பி வந்து உட்கார்ந்தது. பக்கத்து வகுப்பு வாத்தியார் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார்.

எல்லாம் ரொமாரிக் ஆரம்பித்து வைத்த வம்பு. பெனின் நாட்டுக் கால்பந்து அணியின் செல்லப் பெயர் அதுவரை 'அணில்கள்'. அதை மாற்றி 'சிவிங்கிப்புலிகள்' என்று வைக்கப் போகிறார்கள் என்ற செய்தி அன்றுதான் வந்திருந்தது.

"நல்லதாப் போச்சு. அணிலாம் அணில்! கொய்யாப்பழம் கடிக்கத்தான் லாயக்கு. என்னைக்காவது ஒரு பெரிய போட்டியில ஜெயிச்சிருக்கா?" என்றான் ரொமாரிக்.

டோசிக்குச் சுருக்கென்றது. அதனால்தான் மூன்று வருஷத்துக்கு முந்தைய அந்த மாலையைப் பற்றி வாயைத் திறந்தாள்.

"சரி, தெரு நடந்துச்சு. அதுக்குக் கால்ல செருப்பு இருந்துச்சா?" என்றான் ரொமாரிக்.

"எங்க தெரு தண்ணித் தெருடா! ஓடத்துல உட்கார்ந்துதான் டிவி பார்த்தோம். ஊரே சாட்சி."

"ஊரே ஓடத்துல இருந்துச்சுன்னா ஊரே சேர்ந்து புளுகும். ஓடத்துல இல்லாத ஒரு ஆள் சொல்லட்டும், நம்புறேன். சனிக்கிழமை நாங்க எல்லாரும் உங்க ஊருக்கு வர்றோம்."

ஓடத்தில் இல்லாத ஆள் ஊரில் ஒருவர்தான் உண்டு. டோசியின் அகோசு பெரியப்பா.

ஆனால் அந்த மாலையைப் பற்றி யார் கேட்டாலும் அவர் சொல்லும் பதில் ஒன்றே ஒன்றுதான்: "எனக்கு ஒண்ணும் தெரியாது. நான் வலை பின்னிக்கிட்டிருந்தேன்."

சனிக்கிழமை அவர் அப்படிச் சொல்லிவிட்டால், பள்ளிக்கூடம் முடிகிற வரைக்கும் டோசிக்குப் புளுகுணி என்றுதான் பெயர்.

*

டோசியின் ஊரான கான்வியே ஏரிக்கு நடுவில் மரக்கால்களில் நிற்கிறது. அவள் படிக்கும் பள்ளிக்கூடம் கரையில். வீட்டுக்கு வீடு போக ஓடம், சந்தைக்குப் போக ஓடம், பக்கத்து வீட்டில் உப்புக் கடன் வாங்கவும் ஓடம்தான். அங்கே கோழிகளுக்கும் நீச்சல் தெரியும் என்பார்கள். அது கொஞ்சம் மிகை. பாதிக் கோழிகளுக்குத்தான் தெரியும்.

அந்த ஊரின் கடைசி வீடு அகோசு பெரியப்பாவுடையது. அதற்கு அப்பால் நடு ஏரிதான்.

பிறக்கும்போது தலைக்குப் பதில் காலை முதலில் நீட்டிக்கொண்டு வரும் பையனுக்கு அங்கே அகோசு என்று பெயர் வைப்பது வழக்கம். "பந்து எங்கேன்னு கால் முதல்ல தேடியிருக்கு" என்று ஊரார் சொல்வார்கள். அது வெறும் கேலி இல்லை. ஒரு காலத்தில் அந்த ஏரியிலேயே அவரைப் போலக் கால்பந்துப் பைத்தியம் கிடையாது.

அப்போது தெருவுக்கு ஒரு ரேடியோ. ஆட்டம் என்றால் பெரியப்பா தன் வீட்டுப் படியில் உட்கார்ந்து, ரேடியோவைக் காதில் வைத்துக்கொண்டு, அது சொல்வதைத் திருப்பிச் சொல்வார். ரேடியோ ஒரு பங்கு சொன்னால் இவர் ஒன்பது பங்கு சேர்ப்பார். ஓடங்களில் சுற்றி உட்கார்ந்திருப்பவர்கள், "அந்த ரேடியோவை நிறுத்துங்க, நீங்க மட்டும் சொல்லுங்க" என்று கெஞ்சுவார்களாம். அவர் 'கோல்!' என்று கத்தினால் நீரில் இருக்கும் கெளுத்தி மீன்கள் கரைக்கு ஏறி ஓடும் என்பதும் ஊரார் பேச்சு.

நாட்டுக்கு டஹோமி என்று பெயர் இருந்த காலத்து ஆட்டங்கள்கூட அவருக்கு மனப்பாடம். தோற்ற ஆட்டங்களைத்தான் சொல்வார், ஏனென்றால் மற்றவை அதிகம் இல்லை. ஆனாலும் தலையில் எப்போதும் ஒரு தொப்பி. அதன் பின்னால் பனைநாரில் செய்த நீண்ட அணில் வால்.

"அணில் சின்னதுதான். ஆனா மரத்து உச்சியில யார் இருக்கா, யானையா?" என்று கேட்பார்.

பிறகுதான் அது நடந்தது. முதல் முறையாக ஆப்பிரிக்காவின் பெரிய கோப்பைப் போட்டிக்கு அணில்கள் போனார்கள். மூன்று ஆட்டம், மூன்றும் தோல்வி. அதில் மொரோக்கோ மட்டும் நாலு கோல் போட்டது.

நாலாவது கோலைச் சொல்லப் பெரியப்பாவுக்கு வாய் வரவில்லை. ரேடியோவை அணைத்தார். தொப்பியைக் கழற்றினார். ஊரே கேட்கும்படி சொன்னார்:

"இந்த அணிலுங்க அந்தப் போட்டியில ஒரே ஒரு ஆட்டம் ஜெயிக்கட்டும். அதுவரைக்கும் கால்பந்துக்காக இந்தப் படியை விட்டு நான் இறங்க மாட்டேன். இது சத்தியம்!"

அதற்குப் பிறகு அணில்கள் இன்னும் இரண்டு முறை அந்தப் போட்டிக்குப் போனார்கள். ஜெயிக்கவில்லை. பெரியப்பாவும் இறங்கவில்லை.

டோசி பிறந்தது அந்தச் சத்தியத்துக்குப் பிறகு. அவள் பார்த்த பெரியப்பா எதையும் நம்பாத பெரியப்பா. "மழை வருது பெரியப்பா" என்றால், "வரட்டும், நனைஞ்சதும் ஒத்துக்கிறேன்" என்பார்.

ஊரே கதை கதையாகச் சொல்லும் அந்தக் குரலை ஒரே ஒரு முறை தன் காதால் கேட்க வேண்டும். டோசிக்கு அது ஒன்றுதான் ஆசை.

*

டோசிக்குப் பத்து வயதானபோது அணில்கள் நான்காம் முறையாகப் போட்டிக்குப் போனார்கள். முதல் ஆட்டம் முடிந்ததும் டோசி ஓடத்தை விரட்டிக்கொண்டு பெரியப்பா வீட்டுக்கு வந்தாள்.

"பெரியப்பா! கானாகூட ரெண்டுக்கு ரெண்டு! டிரா!"

"டிரான்னா என்ன தெரியுமா? சமைச்சு வச்சுட்டுச் சாப்பிடாம படுக்கிறது. போ போ."

இரண்டாவது ஆட்டம். "பெரியப்பா, டிரா!"

"இலையும் போட்டாச்சு, இன்னும் சாப்பிடல."

மூன்றாவது ஆட்டம் கேமரூனோடு. அதுவும் டிரா. ஆனால் கூட்டிக் கழித்துப் பார்த்ததில் அணில்கள் அடுத்த சுற்றுக்குப் போய்விட்டார்கள்!

"ஒரு ஆட்டம்கூட ஜெயிக்காம அடுத்த சுற்றா?" பெரியப்பா வலை பின்னும் ஊசியைக் கீழே வைத்தார். "கணக்கு வாத்தியார் யாரு? சரி, அடுத்து யார்கூட?"

டோசி தயங்கினாள். "மொரோக்கோ."

பெரியப்பா ஊசியை மறுபடி எடுத்துக்கொண்டார்.

*

தெருவில் டிவி வைத்திருந்தது ஃபிஃபாமே அத்தை. குளிர்பானக் கடை நடத்துகிறவள். உலகக் கால்பந்துச் சங்கமான 'ஃபிஃபா'வே தன்னைக் கேட்டுத்தான் அந்தப் பெயரை வைத்துக்கொண்டது என்று சொல்லிக்கொள்வாள்.

கேமரூன் ஆட்டத்தன்று கடைக்குள் அடைந்த கூட்டத்தில் கடையின் மரக்கால் ஒன்று சாய்ந்துவிட்டது. அதனால் இந்த முறை அத்தை வேறு ஏற்பாடு செய்தாள். சரக்கு ஏற்றும் பெரிய ஓடத்தை அகலமான நீர்த்தெருவில் கொண்டுவந்து நிறுத்தி, காலிப் பாட்டில் பெட்டிகளை அடுக்கி, அதன் மேல் டிவியை வைத்தாள்.

டோசியின் இரட்டை அண்ணன்களுக்கும் அதே ஓடத்தில் வேலை கிடைத்தது. ஸின்சு மூங்கிலில் கட்டிய ஆன்டெனாவைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். சாக்போ ஜெனரேட்டரைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

"பெட்ரோல் எவ்வளவு ஊத்தியிருக்க அத்தை?" என்று கேட்டான் சாக்போ.

"ரெண்டரை மணி நேரத்துக்கு. அதுக்குள்ள நம்மள முடிச்சுட மாட்டாங்களா?" என்றாள் அத்தை.

ஐந்து மணி ஆட்டத்துக்கு நாலு மணிக்கே ஓடங்கள் வந்து சேர்ந்தன. முதலில் வந்தவர்கள் பெரிய ஓடத்தோடு தங்கள் ஓடத்தைக் கட்டினார்கள். அடுத்து வந்தவர்கள் அவர்களோடு கட்டினார்கள். அதற்கடுத்தவர்கள் அவர்களோடு. ஓடத்தோடு ஓடம், ஓடத்தோடு ஓடம் என்று நாற்பது ஓடங்கள். மேலே நின்று பார்த்தால் ஏரியில் யாரோ பாய் முடைந்து விரித்தது போல இருந்திருக்கும்.

பெரியவர்கள் எல்லாம் டிவிக்கு முன்னால். சின்னப் பிள்ளைகள் எல்லாம் ஓரத்தில். உலகம் முழுவதும் அப்படித்தானே!

இடைவேளை வரை கோல் இல்லை. பிறகு ஒரு கார்னர் உதை. பந்து வந்தது. யாரோ காலை நீட்டினார். கோல்! அணில்களுக்கு!

ஓடத்தில் எழுந்து நிற்கக் கூடாது என்பது ஏரிப் பிள்ளைகள் 'அம்மா' சொல்லுமுன் கற்றுக்கொள்ளும் பாடம். ஸின்சு அதை மறந்து குதித்தான். ஆன்டெனா ஒரு பக்கம், அவன் ஒரு பக்கம். தொப்பென்ற சத்தம்.

"ஆன்டெனாவைத் தூக்குங்கடா!" என்று கூட்டம் அலறியது.

"என்னை?" என்றான் ஸின்சு தண்ணீரிலிருந்து.

"நீ அப்புறம் வா!"

மொரோக்கோ ஒரு கோலைத் திருப்பிப் போட்டது. ஒன்றுக்கு ஒன்று. நேரம் முடியப் போகும் கடைசி நிமிஷத்தில் அவர்களுக்கு ஒரு பெனால்டி கிடைத்தது.

டோசியால் அதைப் பார்க்க முடியவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டாள். திருப்பிய பக்கத்தில் அவர்கள் வீட்டு நீலக் கதவு தெரிய வேண்டும்.

நீலக் கதவைக் காணோம்.

பக்கத்து வீட்டையும் காணோம். ஃபிஃபாமே அத்தையின் கடையையும் காணோம்.

"கம்பத்துல பட்டுச்சு! கம்பத்துல பட்டுச்சு!" என்று நாற்பது ஓடங்களும் கூவின. மொரோக்கோவின் பெனால்டி கோல் கம்பத்தில் இடித்து வெளியே போய்விட்டது. எல்லோரும் பக்கத்தில் இருந்தவர்களைக் கட்டிக்கொண்டார்கள். டோசி மட்டும் கயிறுகளைப் பார்த்தாள். இந்த ஓடம் அந்த ஓடத்தோடு. அந்த ஓடம் அடுத்த ஓடத்தோடு. கடைசியில் எல்லாம் பெரிய ஓடத்தோடு. பெரிய ஓடம்?

அது எதோடும் கட்டப்படவில்லை! யாராவது ஒருவர் தூணில் கட்டியிருப்பார் என்று ஊரே நம்பி, அடுத்தவரோடு முடிச்சுப் போட்டிருந்தது. மாலைக் காற்று ஊரை மெதுவாக, மிக மரியாதையாக, நகர்த்திக்கொண்டு போய்க்கொண்டிருந்தது.

எங்கே? டோசி கழுத்தை நீட்டிப் பார்த்தாள். இருட்டத் தொடங்கியிருந்தது. முன்னால் நடு ஏரி.

கத்துவதற்காக வாயைத் திறந்தாள். அப்போது முழுக்க நனைந்த ஸின்சு கண்ணில் பட்டான். டோசி வாயை மூடிக்கொண்டாள்.

'நான் கத்தினா எல்லாரும் எழுந்திருப்பாங்க. நாற்பது ஓடமும் கவிழும். குழந்தைங்க வேற இருக்கு.'

காற்றை எதிர்த்து நாற்பது ஓடங்களைத் தள்ள அவளால் ஆகாது. ஆனால் போகிற வழியைக் கொஞ்சம் திருப்பலாம். இடது பக்கம் சற்றுத் திரும்பினால் அங்கே பெரியப்பாவின் மீன்வேலி. ஏரியின் அடியில் ஆயிரக்கணக்கான மரக்கிளைகளை நட்டு, மீன்கள் வந்து குடியிருக்க அவர் கட்டிய வேலி. ஓர் ஊரையே தாங்கி நிறுத்தும் பலம் அதற்குத்தான் உண்டு.

'கிளை உடையும். பெரியப்பா திட்டுவார்.' டோசி ஒரு கணம் யோசித்தாள். 'திட்டட்டும். உடைஞ்ச கிளையை நானே நட்டுக் குடுப்பேன்.'

பக்கத்து ஓடத்துப் பிள்ளையின் காதருகே குனிந்தாள். "கழியை எடு. சத்தம் போடாத. இடது பக்கம் திரும்புற மாதிரி ஊன்று. அடுத்த ஓடத்துக்கும் சொல்லு."

"ஏன்?"

"நம்ம ஊர் ஓடிப் போகுது."

அந்தப் பிள்ளையின் கண்கள் தேங்காய் அளவு விரிந்தன. ஆனால் சத்தம் போடவில்லை. செய்தி காதுக்குக் காது சுற்றி வந்தது. ஓரத்து ஓடங்களிலிருந்து நீளக் கழிகள் ஒவ்வொன்றாகத் தண்ணீரில் இறங்கின. முன்னால் பெரியவர்கள் கூடுதல் நேர ஆட்டம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நம் அணியில் ஒருவரை நடுவர் வெளியே அனுப்பிவிட்டார், இனிப் பத்துப் பேர்தான் என்று தலையில் அடித்துக்கொண்டிருந்தார்கள். பின்னால் சின்னப் பிள்ளைகள் பல்லைக் கடித்துக்கொண்டு ஓர் ஊரைத் திருப்பிக்கொண்டிருந்தார்கள்.

ஊர் இடது பக்கம் திரும்பியது. அசைந்து அசைந்து, கல்யாண ஊர்வலம் போலப் போய், மடமடவென்று கிளைகள் முறியும் சத்தத்தோடு மீன்வேலியில் சாய்ந்து நின்றது. டோசியின் ஓடம் சரியாகப் பெரியப்பாவின் வாசற்படிக்குக் கீழே.

"யாருடா அது, என் வேலியில?"

பெரியப்பா அரிக்கேன் விளக்கைத் தூக்கிப் பிடித்தார். நாற்பது ஓடங்கள். ஒரு டிவி. ஈரமான ஒரு ஸின்சு. அவர் வாய் திறந்தபடி நின்றது.

அந்த நேரம் பார்த்து ஜெனரேட்டர் இருமியது. இன்னொரு முறை இருமியது. நின்றுவிட்டது. டிவி இருண்டது.

"பெட்ரோல் தீர்ந்துடுச்சு!" என்றான் சாக்போ.

அப்போதுதான் ஊர் தலையைத் தூக்கிச் சுற்றிப் பார்த்தது.

"ஏய், நம்ம தெரு எங்க?" என்றாள் ஃபிஃபாமே அத்தை. "இது அகோசு வீடாச்சே! இவர் எப்ப நம்ம தெருவுக்குக் குடி வந்தார்?"

"யாரும் எழுந்திருக்காதீங்க!" என்று இப்போது கத்தினாள் டோசி. "பத்திரமா நிக்கிறோம். வேலி பிடிச்சிருக்கு." பிறகு அண்ணாந்து பார்த்தாள். "பெரியப்பா... ஆட்டம் ஒண்ணுக்கு ஒண்ணு. இனிமே பெனால்டி. உங்ககிட்ட பெட்ரோல் இருக்கா?"

"எனக்கென்ன அதைப் பத்தி? நான் படி இறங்க மாட்டேன்."

"இறங்க வேண்டாம் பெரியப்பா. நீங்க ஆட்டத்துக்கு வரல. ஆட்டம்தான் உங்ககிட்ட வந்திருக்கு."

பெரியப்பா சத்தியத்தைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தார். ஆட்டம் வாசலுக்கே வந்தால் பார்க்கக் கூடாது என்று அதில் எங்கும் இல்லை. உள்ளே போய் மோட்டார் படகுக்கு வைத்திருந்த பெட்ரோல் டின்னைத் தூக்கிக்கொண்டு வந்தார். டின்னின் வாயை ஒரு தொப்பி மூடியிருந்தது. பின்னால் பனைநார் வால்.

"மூடி தொலைஞ்சு போச்சு. அதான்" என்றார் யாரும் கேட்காமலே.

ஜெனரேட்டர் உயிர் பெற்றது. படம் வந்தது. சத்தம் வரவில்லை. அத்தை டிவியின் தலையில் தட்டினாள், தடவினாள், திட்டினாள். ஊமைப் படம்தான்.

ஓரத்தில் இருந்த பிள்ளைகளுக்கு அந்தப் படமும் தெரியவில்லை. முன்னால் முதுகுகளும் தலைகளும்தான்.

"பெரியப்பா," டோசியின் குரல் மெதுவாக வந்தது. "எங்களுக்கு ஒண்ணுமே தெரியல. நீங்க உயரத்துல இருக்கீங்க. என்ன நடக்குதுன்னு சொல்லுங்களேன்."

பெரியப்பா தொண்டையைக் கனைத்தார். பதினைந்து வருஷத்துத் துரு அதில் இருந்தது.

"நம்ம ஆள் வர்றான்," என்றார். "பந்தை வைக்கிறான். அவன் பந்தைப் பார்க்கிறான், பந்து அவனைப் பார்க்குது. ரெண்டு பேருக்கும் ஏற்கெனவே பழக்கம் போல..."

முன் வரிசைத் தலைகள் ஒவ்வொன்றாகத் திரும்பின.

"ஓடி வர்றான்... கோல்கீப்பர் வலப் பக்கம் பாயுறான், பந்து இடப் பக்கம் போகுது, போகும்போது அவனுக்கு வணக்கம் வேற சொல்லுது... கோஓஓல்!"

ஏரி அதிர்ந்தது. கெளுத்தி மீன்கள் கரை ஏறினவா என்று தெரியாது. இருட்டு. ஆனால் கரைப் பக்கம் ஏதோ ஓடிய சத்தம் கேட்டது.

ஊரில் ஒருவரும் இப்போது டிவியைப் பார்க்கவில்லை. எல்லோரும் படியைத்தான் பார்த்தார்கள். பெரியப்பா இரண்டாவது கோலைச் சொன்னார். மூன்றாவதைச் சொன்னார். மொரோக்கோ தவறவிட்ட இரண்டையும் சொன்னார், ஒவ்வொன்றையும் ஏழு விதமாக. டோசி படத்தைப் பார்க்காமலே எல்லாவற்றையும் பார்த்தாள்.

"இதோ நாலாவது," பெரியப்பா படியின் விளிம்புக்கே வந்துவிட்டார். "இது போனா முடிஞ்சுது. சின்னப் பையன்தான். அணில் சின்னதுதான்... வர்றான்... அடிக்கிறான்..."

நாற்பது ஓடங்கள் மூச்சைப் பிடித்தன.

"நாலு! அன்னிக்கு நாலு வாங்கினோம், இன்னிக்கு நாலு குடுத்தோம்டா!"

அவ்வளவுதான். 'அம்மா' சொல்லுமுன் கற்ற பாடத்தை ஊரே மறந்தது. எல்லோரும் எழுந்தார்கள், பாதிப் பேர் ஏரியில். நல்ல வேளையாக வேலிப் பக்கம் இடுப்பளவுத் தண்ணீர்தான். சிரிப்பும் கூச்சலும் தண்ணீருமாக ஒரே குழப்பம். டிவியில் மொரோக்கோக்காரர்கள் அணிலை மரமேற விட்ட நாய் போல அண்ணாந்து நின்றார்கள்.

அந்தக் குழப்பத்தில் ஒரு தொப்பென்ற சத்தத்தை மட்டும் யாரும் கவனிக்கவில்லை. டோசி கவனித்தாள். துள்ளிய பெரியப்பா படியில் இல்லை. அவள் ஓடத்துக்குப் பக்கத்தில், தலையில் தாமரை இலையோடு, தண்ணீரிலிருந்து எழுந்தார்.

"நீ பார்த்தியா?" என்று கிசுகிசுத்தார்.

"எதை பெரியப்பா? ஒரே இருட்டு" என்றாள் டோசி.

அவர் சத்தமில்லாமல் படியேறினார். ஊர் பாடிக்கொண்டே கழி ஊன்றித் திரும்பியபோது டோசி திரும்பிப் பார்த்தாள். விளக்கு வெளிச்சத்தில் பெரியப்பா ஈரத்தோடு உட்கார்ந்திருந்தார். தலையில் அணில் வால் தொப்பி.

*

மறுநாள்தான் வினை வந்தது.

"பெனால்டியில ஜெயிச்சா கணக்குல அது டிராதானாம்," என்று செய்தி கொண்டுவந்தான் சாக்போ. "ஆட்டம் ஒண்ணுக்கு ஒண்ணுதான்!"

அடுத்த ஆட்டத்தில் செனகல் ஒரே ஒரு கோலால் அணில்களை வீட்டுக்கு அனுப்பியது. ஆக, ஒரு ஆட்டம்கூட ஜெயிக்காமல் ஆப்பிரிக்காவின் கடைசி எட்டு அணிகளில் ஒன்றாக வந்து நின்ற வீரர்கள் நம் அணில்கள்.

பெரியப்பாவின் முகம் வெளுத்தது. அவர் கேட்டது வெற்றி. அது வரவில்லை. ஆனால் அவர் படியை விட்டு இறங்கிவிட்டார். இறங்கினார் என்பதைவிட, விழுந்தார். சத்தியம் சத்தியம்தானே?

வலையில் ஒரு நூலை இழுத்தால் மொத்தமும் பிரியும் என்பது அவருக்குத் தெரியும். அதனால் அந்த மாலையையே ஒட்டுமொத்தமாக மறுத்துவிட்டார்.

"உங்க குரலை ஊரே கேட்டுச்சே அகோசு!" என்பாள் ஃபிஃபாமே அத்தை.

"காத்தா இருக்கும். நான் வலை பின்னிக்கிட்டிருந்தேன்."

டோசி யாரிடம் அந்தக் கதையைச் சொன்னாலும் ஓர் இடத்தை மட்டும் விட்டுவிடுவாள். தண்ணீரில் விழுந்த இடம்.

*

சனிக்கிழமை ரொமாரிக்கும் அவன் பட்டாளமும் ஒரு படகு நிறைய வந்து இறங்கினார்கள். டோசி அவர்களைப் பெரியப்பாவின் வாசற்படிக்கே கூட்டி வந்தாள். அவர் வீட்டுக்குள் இருந்தார். ஊசி நூலில் போய் வரும் சத்தம் கேட்டது.

டோசி முழுக் கதையையும் சொன்னாள். நாற்பது ஓடம், கட்டாத கயிறு, கழிகள், வேலி, பெட்ரோல், நாலு கோல். பிள்ளைகள் வாயைப் பிளந்து கேட்டார்கள். ரொமாரிக் மட்டும் கையைக் கட்டிக்கொண்டிருந்தான்.

"நாலாவது கோல் விழுந்தப்போ உங்க பெரியப்பா என்ன பண்ணினார்?"

"படியில உட்கார்ந்திருந்தார்."

"குதிக்கல?"

"இல்ல. அசையவே இல்ல."

ரொமாரிக் தொடையில் தட்டிச் சிரித்தான். "மாட்டிக்கிட்டியா! ஊரே வந்து வாசல்ல முட்டுது, நாலு பெனால்டியும் கோல், அதையும் அவரே சொல்றார், ஆனா மனுஷன் சிலை மாதிரி உட்கார்ந்திருக்கார்! கேளுங்கடா, இது ஒண்ணே போதும். முழுக்கதையும் புளுகு!"

எல்லோரும் சிரித்தார்கள். டோசிக்குக் கண் கலங்கியது. உண்மையைச் சொல்ல ஒரு வார்த்தை போதும். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு தண்ணீரைப் பார்த்தாள்.

உள்ளே ஊசியின் சத்தம் நின்றது.

பெரியப்பா வாசலுக்கு வந்தார். தலையில் தொப்பி. பெட்ரோல் வாசனை அடித்தது. பனைநார் வால் காற்றில் ஆடியது.

"தம்பி சொல்றது சரிதான்," என்றார். "இந்தப் பொண்ணு பொய் சொல்றா."

டோசி திடுக்கிட்டு நிமிர்ந்தாள்.

"நான் அசையாம எல்லாம் உட்காரல. நாப்பது வருஷமா பார்த்த ஏரிக்குள்ள தலைகுப்புற விழுந்தேன். என் சத்தியமும் என்கூடவே விழுந்துச்சு. இவ அதைப் பார்த்தா. மூணு வருஷமா எனக்காக யார்கிட்டயும் மூச்சு விடல."

ரொமாரிக்கின் கட்டிய கைகள் தாமாக அவிழ்ந்தன.

பெரியப்பா படியிலிருந்து ஒவ்வொரு காலாக இறங்கி, டோசியின் ஓடத்தில் அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். பிறகு தன் கோணல் வேலியை ஒரு பார்வை பார்த்தார்.

"மத்ததெல்லாம்," என்றார், "அவ சொன்ன மாதிரியேதான் நடந்துச்சு."